நாய்க்குக் கால் நாலுதான்

எங்கள் ஊர் கால்நடை மருத்துவமனையின் பெரிய டாக்டர் சதானந்தம் ஸ்டெதஸ்கோப்பைத் தொட்டு வருஷக்கணக்காகிறது. தொடுவதெல்லாம் பேனாவும் மெதுவடையும்தான்.

புது வைத்திய முறைகளுக்கான பயிற்சிக்குப் போக அவரிடம் லீவு கேட்டாள் சின்ன டாக்டர் ஜெசிந்தா.

"ஏம்மா, நாய்க்குக் கால் அஞ்சாயிடுச்சா? அதே நாய், அதே வால். நாங்க அந்தக் காலத்துல படிச்சதே போதும், போ!"

மறுவாரமே அவர் வீட்டு பொமரேனியனுக்குச் சொறி பிடித்தது. அவர் மனைவி நாயை ஒரு கையிலும் அவரை மறு கையிலும் இழுத்துக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஜெசிந்தா பணிவாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். "மொட்டையடிச்சு, கந்தகத்தை வேப்பெண்ணெயில குழைச்சுப் பூசணும் சார். வீடு ஒரு மாசம் நாறும். நீங்க படிச்ச வைத்தியம்தான்."

மனைவி முறைத்த முறைப்பில் சதானந்தம் பதறினார். "ஐயையோ! இப்ப ஏதோ புது மாத்திரை வந்திருக்காமேம்மா?"

"அது எதுக்கு சார்? நாய்க்குக் கால் இன்னும் நாலுதானே?"

வரிசையே சிரித்தது.

நாய்க்கு மாத்திரை கிடைத்தது. ஜெசிந்தாவுக்கு லீவும் கிடைத்தது. வலது கையால் கையெழுத்துப் போடும்போது, பெரிய டாக்டர் இடது கையால் தன் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தார்.