பேர் இல்லாத அட்டை

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ரஹ்மத் டீச்சர் அங்கேதான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்யச் சொல்லிக்கொடுத்தார். கல்யாணப் பத்திரிகை, கடை பேனர், புத்தக அட்டை, எது வேண்டுமானாலும் அங்கே கற்றுக்கொள்ளலாம்.

யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் பாடம் ஒன்றுதான். மேஜைக்கு அடியில் குனிந்து இன்டர்நெட் வயரைப் பிடுங்க வேண்டும். அப்புறம்தான் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும்.

ஏன் என்று கேட்க வேண்டாம். அது திருட்டுக் காப்பி. நெட் இருந்தால் கம்பெனிக்குத் தெரிந்துபோகும், பூட்டிவிடுவான். முறையாக வாங்கலாம் என்றால் கடையையே விற்றாலும் கட்டாது. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் இதே கதைதான். ரஹ்மத் டீச்சர் மட்டும் கூடவே இன்னொன்றும் சொல்வார்.

“செஞ்சதுக்குக் கீழ பேர் போடாதீங்க. திருட்டுச் சாமான் மேல பேர் எழுதக் கூடாது.”

அவரிடம் படித்தவர்களில் செல்லத்துரை அண்ணாச்சி ஒருவர். டீச்சருக்கு அப்பா வயசு. கரண்ட் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தவனையெல்லாம் தேடித் தேடிப் பிடித்த மனுஷர். அப்பேர்ப்பட்டவர் தினமும் மேஜைக்கு அடியில் குனிந்து வயரைப் பிடுங்கினார். என்ன கொடுமை பாருங்கள்!

ஆனால் நிறம் அவர் சொன்னபடி கேட்டது. சென்னையில் சிறுவர் புத்தகம் போடும் ஒரு பதிப்பகம் அவர் செய்த அட்டையைப் பார்த்து மயங்கிப்போனது. ‘உங்கள் பேரை உள்பக்கத்தில் போடுகிறோம். முறையான சாஃப்ட்வேரில் செய்தது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்’ என்றார்கள்.

அண்ணாச்சிக்குப் பொய் எழுத வரவில்லை. பேர் வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டார்.

புத்தகம் வந்தது. அவர் மனைவி பேச்சியம்மாள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள்.

“படம் நீங்க போட்டதுதான? உங்க பேரு எங்க?”

அண்ணாச்சி பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார்.

இப்போது அதே பதிப்பகம் இரண்டாவது அட்டை கேட்டிருந்தது. ஒரு ஆடு பஸ் கூரையில் ஏறி ஊர் சுற்றப் போகிற கதை. படத்தையும் அந்த ஒரு வரியையும் சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும்.

அன்றைக்குக் காலையில்தான் சேதி வந்தது. இனி அந்த சாஃப்ட்வேர் எல்லோருக்கும் இலவசம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கம்பெனியே சொல்லிவிட்டது.

டீச்சர் பழைய காப்பிகளைத் தலைமுழுகினார். எல்லாக் கம்ப்யூட்டரிலும் நல்லதை ஏற்றினார். கையோடு அல்வாவும் வாங்கி வைத்தார்.

அண்ணாச்சி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“எடுத்துக்கோங்க அண்ணாச்சி.”

“எனக்குக் கம்பெனிக்காரனே குடுத்துட்டான் அல்வா” என்றார். “மாடா உழைச்சுப் படிச்சேன் டீச்சர். இனி தெருவுல போறவன் வாறவன் எல்லாம் டிசைனர். அப்போ நான் யாரு?”

டீச்சர் அவர் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார்.

“உங்க ஆட்டுக்கு இன்னும் கண்ணு வரையலயே” என்றார்.

அதற்குள் மாடிப்படி அதிர்ந்தது. கீழே பிரியாணிக் கடை வைத்திருக்கும் சுடலைமுத்து, லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு வந்தான்.

“டீச்சர்! கடை போர்டு! நானே செஞ்சேன்!”

சிவப்பு. சிவப்பின் மேல் இன்னும் கொஞ்சம் சிவப்பு. எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஒரு மினுமினுப்பு. நடுவில் ஒரு சேவல் பல்லைக் காட்டிச் சிரித்தது. அடியில் ‘டிசைன்: ஆ. சுடலைமுத்து’ என்று ‘பிரியாணி’ என்ற சொல்லுக்குச் சமமான எழுத்தில் இருந்தது.

டீச்சர் கை தட்டினார். கேலிக்கு இல்லை, சந்தோஷமாகவே தட்டினார். அண்ணாச்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏ சுடல, செவப்புல செவப்ப எழுதினா எவன் படிப்பான்? பஸ்ல போறவனுக்கு உன் கடை தீப்பிடிச்ச மாதிரில்லா தெரியும்!”

சுடலைமுத்துவுக்குக் கோபமே வரவில்லை.

“அப்படியா அண்ணாச்சி? பெறகு எப்படி வைக்கணும்?”

அண்ணாச்சி லேப்டாப்பை வெடுக்கென்று இழுத்தார். நிழல் போயிற்று. மினுமினுப்பு போயிற்று. சேவலை ஒரு ஓரமாக உட்காரவைத்து அதன் பல்லைப் பிடுங்கினார். இலைப் பச்சையில் தரை போட்டார். ‘பிரியாணி’ என்ற ஒரு சொல்லை மட்டும் வெள்ளையாக, பெரிதாக நிறுத்தினார்.

சுடலைமுத்து வாசல்வரை பின்னால் போய் நின்று பார்த்தான்.

“யப்பா! இப்பப் பசிக்கே!”

அண்ணாச்சி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அடியில் இருந்த பேருக்கு வந்தார்.

“இத எடுத்துருதேன். பேர் போடக் கூடாது.”

“ஏன் எடுக்கணும்? நான் ஆரம்பிச்சதுல்லா? எங்கம்மாகிட்ட காட்டணும். வேணும்னா பக்கத்துல உங்க பேரையும் போட்டுக்கோங்க.”

அண்ணாச்சியின் விரல் அப்படியே நின்றது. இவன் டிசைனர் ஆகி ஒரு பொழுதுகூட ஆகவில்லை. முதல் வேலையிலேயே பேரைப் பொறித்துவிட்டான். அவரோ இத்தனை படம் செய்து ஒன்றிலும் எழுதியதில்லை. அவருக்குப் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது.

சுடலைமுத்து ரெண்டு பேருக்கும் பிரியாணி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுத் தடதடவென்று இறங்கிப் போனான்.

அண்ணாச்சி தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். குனிந்தார், நிமிர்ந்தார், புது சாஃப்ட்வேரில் அட்டையை முதல் கோட்டிலிருந்து மறுபடி வரைந்தார். கடைசியில் ஆட்டுக்குக் கண் வைத்தார். கூரை மேல் இருந்த ஆடு இப்போது முன்னால் வரும் ரோட்டை ஆசையாகப் பார்த்தது.

“நான் யாருன்னு கேட்டேன் டீச்சர். நீங்க சொல்லலயே.”

“நானும் அதத்தான் கேக்கேன். கீழ எழுதுங்க.”

அண்ணாச்சி எழுதினார். ‘அட்டை: பே. செல்லத்துரை.’ எறும்பு மாதிரி எழுத்து. எழுதிவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

“சுடலை அண்ணன் எந்த சைஸ்ல போட்டிருந்தாங்க?” என்றார் டீச்சர்.

அண்ணாச்சிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தைப் பெரிதாக்கினார். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். பிறகு பதிப்பகம் கேட்ட அந்த ஒரு வரியை அடித்தார். ‘முறையான சாஃப்ட்வேரில் செய்தது.’ வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கரண்ட் ஆபீஸ் நாளில் இருந்த மாதிரி முதுகு நிமிர்ந்துகொண்டது.

“பேச்சி இப்பப் பாக்கட்டும்!” என்று சத்தமாகச் சொல்லி, அனுப்பும் பட்டனைத் தட்டினார்.

போகவில்லை.

திரும்பத் தட்டினார். திரையில் ஒரு வட்டம் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது.

“போகமாட்டேங்கே டீச்சர்! பூட்டிட்டானா?”

டீச்சர் அல்வாத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். மேஜைக்கு அடியில் விரலைக் காட்டினார். அண்ணாச்சி குனிந்து பார்த்தார். வயர் பிடுங்கிக் கிடந்தது. அவர் கைதான், பழக்கதோஷத்தில், உட்காரும்போதே பிடுங்கிப் போட்டிருந்தது.

“மாட்டுங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர். “உங்க பேரு சென்னைக்குப் போகணும்லா.”