படம் உள்பக்கம்

"என் படகுக்கு மேல போட்டு மூட ஒரு நல்ல துணி சொல்லுங்கம்மா. விலை கொறைச்சலா இருக்கணும். நாலு மழையாவது தாங்கணும்."

கேட்டவர் வேதரத்தினம். ஓய்வுபெற்ற தபால்காரர். வயது அறுபத்து நான்கு.

கேட்கப்பட்டவர் உப்பனாற்றின் அக்கரையில் இருக்கும் சின்ன மடத்தின் அம்மா. வயது நாற்பத்தொன்று. குரு என்றால் நரைத்த தாடி இருந்தே தீரவேண்டும் என்பவர்கள் இந்தக் கதையை இத்தோடு விட்டுவிடலாம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க, ஐயா?"

"மொதல்ல தென்னங்கீத்து. கரையான் வந்துடுச்சு. அப்புறம் நீலத் தார்ப்பாய். ஒரு கோடைதான், அப்பளமா நொறுங்கிப்போச்சு. அப்புறம் லாரிக்காரங்க போடுற படுதா. ஒரு சொட்டு உள்ள எறங்கல. ஆனா புழுங்கிப் புழுங்கிப் பலகையெல்லாம் பூஞ்சை."

"இப்போ?"

"படுதாவும் கிழிஞ்சுடுச்சு. வெயில்ல பலகை காஞ்சு வாயப் பொளக்குது. இடுக்குல வெளிச்சம் தெரியுது. ஐப்பசி பொறந்தாச்சும்மா. நல்லதா ஒண்ணு மூடலேன்னா இந்த மழையோட அது விறகுதான்."

"படகு ஓட்டுறீங்களா?"

"இல்ல. ரெண்டு வருஷமா கொல்லையிலதான் கெடக்கு."

"இன்னிக்கு எப்படி வந்தீங்க?"

"பஸ்ல. பாலத்தச் சுத்திக்கிட்டு."

அம்மா தலையாட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு வேதரத்தினம் இந்த மடத்துக்குப் பஸ்ஸில் வந்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை தோறும் அவரும் மனைவி செங்கமலமும் அந்தப் படகில்தான் வருவார்கள். அவள் முன்பலகையில், மடியில் மடத்துக்கான மோர்ப்பானையோடு. அவர் பின்பலகையில், துடுப்போடு. புறப்பட்டது முதல் கரை சேரும்வரை அவளுக்கு ஒரே பல்லவிதான்.

"கோணப் போவுது. கோணப் போவுது."

முப்பது வருஷம் ஊர் முழுக்க வீடு தப்பாமல் கடிதம் கொடுத்த மனிதருக்கு, எதிரே தெரிகிற ஒரு மடத்துக்கு நேராகப் போகத் தெரியாது என்பது அவள் கட்சி. அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு நடு ஆற்றில் சும்மா உட்கார்ந்துவிடுவார். அவள் ஒரு கை தண்ணீர் அள்ளி அவர்மேல் தெளிப்பாள்.

அந்தக் கோபம் இப்போது கிடைத்தால் தேவலை என்று இருக்கிறது அவருக்கு.

"அது போச்சுன்னா, அவ உக்காந்த எடம்னு வேற ஒண்ணும் மிச்சம் இல்லம்மா," என்றார்.

அம்மா ஒரு கீரைக்கட்டை முடித்து அடுத்ததைப் பிரித்தார்.

"வீட்டுல ஃப்ளெக்ஸ் ஏதாச்சும் கெடக்கா?"

அந்தக் கரையில் இது ஒன்றும் விசித்திரமான கேள்வி அல்ல. கல்யாண ஃப்ளெக்ஸ், காதுகுத்து ஃப்ளெக்ஸ், தோற்றுப்போன வேட்பாளரின் ஃப்ளெக்ஸ் எல்லாம் கடைசியில் படகுமேல் வந்துதான் படுக்கும். படத்தை உள்பக்கம் வைத்துப் போடுவது வழக்கம். வெயிலில் மை போய்விடும் என்று காரணம் சொல்வார்கள். தெரிந்தவர் முகத்தில் காக்கா எச்சமிடுவதைப் பார்க்க யாருக்கும் மனசு வராது.

வேதரத்தினம் தரையைப் பார்த்தார்.

"ஒண்ணு கெடக்கு."

"என்ன ஃப்ளெக்ஸ்?"

"கண்ணீர் அஞ்சலி."

செங்கமலம் இறந்தபோது தபால் ஆபீஸ் நண்பர்கள் அடித்து, பஸ் ஸ்டாப்பில் கட்டியது. பன்னிரண்டடிக்கு எட்டடி. கருமாதி முடிந்ததும் அவரே ஏறி அவிழ்த்து, சுருட்டி, பீரோ மேல் வைத்தார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

"அதப் போடுங்க," என்றார் அம்மா.

"என்னம்மா பேச்சு இது!" வேதரத்தினம் எழுந்தே விட்டார். "கட்டினவ மூஞ்சியக் கொண்டுபோய் மழையில போடச் சொல்றீங்களா?"

"படத்த உள்பக்கம் வச்சுத்தான்."

"அதுல காத்து போகறதுக்கு அங்கங்க கத்தியால கிழிச்சு விட்டிருக்காங்க. ஒழுகும்."

"ஒழுகட்டும்."

"நான் மூடறதுக்குக் கேட்டேன். நீங்க ஓட்டையக் குடுக்கறீங்க."

அம்மா பழுத்த இலைகளைத் தனியே ஒதுக்கினார்.

வேதரத்தினம் சாப்பிடாமலே பஸ் ஏறினார்.

*

மழை அவர் கோபம் தணியும்வரை காத்திருக்கவில்லை. நான்காம் நாள் அடித்த காற்றில் பழைய படுதா பிய்த்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. கடைவீதிக்கு ஓடி ஒரு தார்ப்பாய் வாங்கிவர நேரமில்லை.

முக்காலி போட்டு ஏறி பீரோ மேலிருந்ததை எடுத்தார்.

பிரிக்கும்போது தலையைத் திருப்பிக்கொண்டார். படத்தை உள்பக்கம் வைத்து, நாலு மூலையும் கயிறு போட்டுக் கட்டினார். கட்டி முடிப்பதற்குள் நனைந்துபோனார்.

மறுநாள் காலை பார்த்தால் படகுக்குள் தண்ணீர். பாதி பலகை இடுக்கு வழியே கசிந்துபோய், மிச்சம் அடியில் நின்றது. அம்மாவை மனதுக்குள் திட்டிக்கொண்டே ஃப்ளெக்ஸின் ஓரத்தைத் தூக்கி, கையில் சொம்போடு உள்ளே நுழைந்தார்.

தலைக்கு மேலே செங்கமலம்.

ரேஷன் கார்டுக்கு எடுத்த படம். போட்டோக்காரர் "சிரிங்கம்மா" என்று சொல்லப்போய், அவள் முறைத்தது அப்படியே விழுந்துவிட்டது. இறைக்க வந்தவரை அவள் இப்போதும் முறைத்தாள்.

வேதரத்தினம் பின்பலகையில் உட்கார்ந்தார். சொம்பு கையிலேயே இருந்தது. இரண்டு வருஷமாக அழாததை எல்லாம் அழுதார்.

அப்புறம் தண்ணீரை இறைத்தார்.

அடுத்த நாளும் இறைக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாளும். கார்த்திகை பிறந்தபோது காலைக் காபியை அவர் அங்கே கொண்டுபோய்த்தான் குடித்தார். ஊர் விஷயங்களை மேலே பார்த்துச் சொன்னார்.

ஆனால் ஒரு விஷயம் அவருக்குப் புரியவில்லை. மழை குறைந்துகொண்டு வந்தது. படகில் நிற்கிற தண்ணீர் மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

ஒரு காலை குனிந்து பலகை இடுக்குகளைப் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. விரல் நகத்தை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. மரம் ஊறி, உப்பி, ஒன்றோடொன்று நெருங்கியிருந்தது.

சொம்பைக் கீழே வைத்துவிட்டு, துடுப்பைத் தேடப் போனார்.

*

மார்கழி முதல் வெள்ளிக்கிழமை மடத்துப் படித்துறையில் ஒரு படகு வந்து இடித்தது. கோணலாகத்தான் வந்தது.

முன்பலகையில் ஃப்ளெக்ஸ் மடித்து வைத்திருந்தது. அதன் பக்கத்தில் மோர்ப்பானை.

அம்மா படியிறங்கி வந்தார்.

"மூடாக்கு எப்படி இருக்கு, ஐயா?"

"ஒழுகுதும்மா."

"மடத்துக்கு ஒருத்தர் புதுப் படுதா குடுத்திருக்கார். ஓட்டை இல்லாதது. போகும்போது எடுத்துக்கிட்டுப் போங்க."

வேதரத்தினம் பானையை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். கிழக்கே வானத்தைப் பார்த்தார். நன்றாகக் கறுத்திருந்தது.

"இருக்கட்டும்மா," என்றார். "மழை வந்தா நாங்க நனைஞ்சுக்கிறோம்."