கயிற்றை விட்டவள்

தீர்ப்பை உங்களிடம்தான் கேட்கப்போகிறேன். அரைக்காதில் கேட்டுவிட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்.

நண்டுமுனையில் கரைவலை இழுப்பார்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று ஊரே இழுக்கும். இந்த வலைக்குப் பேர் வைத்த புண்ணியவான்கள் வேறெங்கும் தேடாமல் தங்கள் உடம்பையே குனிந்து பார்த்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. இரண்டு பக்கமும் நீண்டு மீனை அணைத்துக்கொண்டு வருவது கை. நடுவில் அதை வாங்கிக்கொள்ளும் பை, மடி. நூலுக்கு நடுவே இருக்கும் ஓட்டை, கண். ஓட்டையைக் கண் என்பானேன் என்று கேட்டால், "இழுத்தா மூடும், விட்டாத் தொறக்கும். பின்ன அத என்னன்னு சொல்ல?" என்று நம்மையே மடக்குவார்கள். கையில் இருக்கும் கண் பெரிது, ஓர் ஆளின் பாதம் நுழையும். மடியை நெருங்க நெருங்கச் சிறுத்து, மடியில் சுண்டுவிரல்கூட நுழையாது.

ரோசம்மாள் தெற்குக் கயிற்றில் கடைசி ஆள். முன்னால் பத்துப் பேர் இழுக்க இழுக்க, வந்த கயிற்றை மணலில் அடித்த கட்டையில் சுற்றிப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. புருஷன் போனபின் அவள் அடுப்பு எரிவது இந்தக் கயிற்றால்தான். அந்தக் கரையில் ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு: இழுப்பின் நடுவே கயிற்றை விட்டவர் அதற்குமேல் ஆயுசுக்கும் கயிறு தொடக்கூடாது. கயிறு தளர்ந்தால் வலை பாறைக்குப் போய்விடும், ஊர் பட்டினி கிடக்கும்.

அன்று காலை நல்ல மீன்பாடு. மடி கனத்து வந்தது. வலையோடு நீந்தி, அது பாறையில் மாட்டினால் எடுத்துவிடுகிறவன் யாகப்பன், ரோசம்மாளின் கொழுந்தன். வீட்டுப் பாகத்தில் சண்டை வந்து இரண்டு வருஷமாக அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தெற்குப் பக்கத்தில் அவன் தலை திடீரென்று முங்கியது. ஒரு கை மட்டும் மேலே வந்து அடித்தது. பிறகு அதுவும் இல்லை.

"இழுங்கடா! கரைக்கு இழுத்துட்டா ஆளு பொழச்சிக்குவான்!" வடக்குக் கயிற்றிலிருந்து சம்மாட்டி தொபியாஸ் கத்தினார். வலை அவருடையது. இரண்டு பக்கமும் வெறி பிடித்த மாதிரி இழுத்தார்கள். வள்ளத்தில் இருந்த செபமாலை கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு குதித்தான்.

ரோசம்மாள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கரைக்கு இன்னும் நூறு பாகத் தூரம் இருந்தது. அதுவரை எந்த மனுஷனும் மூச்சைப் பிடித்திருக்க முடியாது. கயிறு கட்டையில் விறைத்து முனகியது. கையை எடுத்தால் தன் பிழைப்பு அதோடு முடிந்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். "மாதாவே" என்றாள். சுற்றை உருவி விட்டாள்.

கயிறு பத்துப் பேர் உள்ளங்கையையும் அறுத்துக்கொண்டு ஓடியது. தெற்குக் கை தொளதொளத்து விழுந்தது. யாகப்பன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். சற்றுத் தள்ளிச் செபமாலை, கையில் கத்தி. வலை கரை சேர்ந்தபோது மடியில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல், மீன் பாதிக்குமேல் போய்விட்டது.

கோயில் முற்றத்தில் ஊர் மூப்பர் முன்னால் எல்லாரும் கூடினார்கள். "உசுரக் காப்பாத்துனது நாந்தான். வலையில அறுத்த எடத்தப் பாருங்க" என்றான் செபமாலை. "வடக்குக் கயித்த நான் எறுக்கிப் பிடிக்கலன்னா வலையோட அவனும் பாறைக்குப் போயிருப்பான். கயித்த விட்டவ இனிக் கயித்தத் தொடப்படாது" என்றார் தொபியாஸ்.

யாகப்பனைக் கேட்டார்கள். அவன் கணுக்காலைச் சுற்றி ரத்தம் கட்டிய வளையம், அதில் ஒரு நூல்பிசிறும் இல்லை. "ஒரே கலங்கலு. கத்தியுந் தெரியல, ஆளுந் தெரியல. காலு லேசாச்சு, மேல வந்தேன்" என்றான்.

தான் விட்டதால்தான் பிழைத்தானா, விடாவிட்டாலும் பிழைத்திருப்பானா என்று ரோசம்மாளுக்கே தெரியாது. அதுதான் அவளைத் தின்றது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்: யாகப்பனை வலையிலிருந்து விடுவித்தது யார்? ரோசம்மாள் இனிக் கயிறு பிடிக்கலாமா, கூடாதா?

விடை: செபமாலை அறுத்தது மடியை. சுண்டுவிரல் நுழையாத கண்ணில் மனுஷன் கால் எப்படி மாட்டும்? கால் மாட்டியது கையில், அங்கே கத்தி படவே இல்லை. பட்டிருந்தால் கணுக்காலில் அறுந்த நூலாவது ஒட்டியிருக்கும். செபமாலை நல்ல மனசோடுதான் குதித்தான், கலங்கலில் இடம் தப்பிவிட்டது. தொபியாஸ் இழுக்கச் சொன்ன ஒவ்வொரு இழுப்புக்கும் கண் இன்னும் இறுகி மூடியது. தெற்குக் கயிறு தளர்ந்ததும் கண் திறந்தது, கால் வந்தது. விடுவித்தவள் ரோசம்மாள்தான். வழக்கம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? ஊர் பட்டினி கிடக்கக்கூடாது என்று வந்த வழக்கம் அது, ஊரில் ஒருவனைச் சாகக் கொடுப்பதற்கு வந்ததல்ல. மூப்பர் இப்படித் தீர்ப்புச் சொல்ல, கிழிந்த மடியைத் தடவிக்கொண்டே தொபியாஸும் தலையாட்டினார். மறுநாள் காலை ரோசம்மாள் தயங்கித் தயங்கிக் கட்டையருகே வந்தாள். யாகப்பன் நொண்டிக்கொண்டே வந்து தெற்குக் கயிற்றின் முனையை எடுத்து அவளிடம் நீட்டினான். "பிடிங்க மதினி" என்றான்.