திரும்பி வந்த இரும்பு

கோவை கணபதியில் ஒரு சந்துக்குள் ஒரு பட்டறை. அங்கே ஒரு ஸ்பார்க் மெஷின், அதை ஓட்ட சென்னியப்பன், நாட்ராயன், ராக்கியப்பன் என்று மூன்று பேர். மூளை மட்டும் மூவருக்கும் பொதுவில் ஒன்று. அன்றைக்கு அது யாரிடம் இருந்தது என்று தெரியவில்லை.

எண்ணெயில் முங்கிக் கிடக்கும் இரும்பின் மேல் செம்புக் கட்டை இறங்கும். இடையில் பொறி பறந்து இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்னும். ஒரு பம்பு டேங்கிலிருந்து குழாய் வழியாக எண்ணெயைப் பீய்ச்சிக் கரியைக் கழுவி டேங்குக்கே கொண்டு போகும். அன்று நடந்தது சீப்பு போடுகிற அச்சு வேலை.

முதலாளி மயிலாத்தாள் காதுகுத்துக்குக் கிளம்பும்போது சொன்னார்: “இது கெட்டுச்சுன்னா சீப்புக் கம்பெனிக்காரர் இந்தப் பக்கமே வரமாட்டாரு. பட்டறையப் பூட்டிட்டு நாலு பேரும் வேற பொழப்புத் தேடோணும். தின்ன இரும்பை எண்ணெய் கொண்டு போயிரும். நீங்க பொறி மேல வெச்ச கண்ணை எடுக்கவே கூடாது.”

“ஆகட்டுங்க்கா.”

வைத்த கண்ணை எடுக்காமல்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் பீய்ச்சுகிற எண்ணெய் கரியைக் கிளப்பியதில் பொறியே தெரியவில்லை.

“எண்ணெய் மறைக்குதுடா,” என்றான் நாட்ராயன். “அக்கா கண்ணை எடுக்கக் கூடாதுன்னாங்களே!”

“நாம எங்க எடுத்தோம்? எண்ணெய்தான் நடுவுல வருது,” என்றான் சென்னியப்பன்.

“அப்ப எண்ணெயை நிறுத்தறதுதான் மொறை,” என்று தீர்ப்புச் சொன்னான் ராக்கியப்பன்.

குழாயை மூடினார்கள். கழுவ ஆளில்லாத கரி அங்கேயே தங்கியது. அங்குமிங்கும் குதித்த பொறி ஒரே இடத்தில் நின்று வெல்டிங் மாதிரி எரிந்தது. “இப்பத்தான் நல்லாத் தெரியுது!” என்று மூவரும் பூரித்துப் போனார்கள். புகை வந்த பிறகுதான் கட்டையைத் தூக்கிப் பார்த்தார்கள். வேலை பாதிதான் முடிந்திருந்தது, அதற்குள் அச்சில் கடுகளவு குழி!

மூவரும் குழியை மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள். நினைத்தால் எனக்கே பாவமாய்த்தான் இருக்கிறது.

“அச்சுல குழின்னா சீப்புல ஒரு மரு வரும், அவ்வளவுதானேடா? தலை சொறிய ஆகும்,” என்றான் நாட்ராயன்.

“அதையும் அக்காகிட்ட நீயே சொல்லு,” என்றான் சென்னியப்பன்.

“இருங்கடா,” என்றான் ராக்கியப்பன். “இரும்பை ஆரு கொண்டு போனது? எண்ணெய். அதே எண்ணெயைத் திருப்பி விட்டா, கொண்டு வந்துதானே ஆகோணும்?”

நியாயமாகத்தான் பட்டது. குழாயைக் கழற்றி, பம்பு எண்ணெயை உறிஞ்சுகிற வாயில் மாட்டினார்கள். பீய்ச்சிய குழாய் இப்போது உறிஞ்சியது. தங்கிய கரி ஒரே இழுப்பில் போய்விட, பொறி சடசடவென்று ஒரே சீராய்த் தின்றது. முழு ஆழம் வந்ததும் மெஷின் தானாக நின்றது. குழியின் அடியையும் தாண்டித் தின்றதால் குழி காணாமல் போயிருந்தது. இது நமக்குப் புரிகிறது.

“இரும்பு வந்துருச்சுடா!” என்று மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நொடி ராக்கியப்பன் முகம் வெளிறியது. பிடியை உதறிவிட்டு ஓடினான்.

சாயங்காலம் வந்த மயிலாத்தாள் அச்சைத் தடவிப் பார்த்தார். ஒரு குறை இல்லை. கண்ணே கலங்கிவிட்டது. “பொழப்பக் காப்பாத்திட்டீங்கடா! ராக்கியப்பன் எங்க?”

“எண்ணெய் டேங்கு மூடி மேல உக்காந்திருக்கானுங்க்கா,” என்றான் சென்னியப்பன். “குழிக்கு உண்டான இரும்பு மட்டும் வந்தாப் போதுமுங்க. மிச்சமும் பின்னாலயே வந்துட்டா, அச்சு மறுபடி வெறும் இரும்புக் கட்டை ஆயிருமுங்களே!”

பம்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்த டேங்கின் மேலிருந்து ராக்கியப்பன் கத்தினான்: “அக்கா, அச்சைத் தூக்கிட்டுச் சீக்கிரம் ஓடிருங்க! மிச்ச இரும்பு உள்ள இருந்து மூடியைத் தட்டுது!”