அரிக்கிற இடம்

கூத்தம்பாளையத்தில் சென்னியப்பன், குப்பணன், நாச்சான் என்று மூன்று சகோதரர்கள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு செவலைக் குதிரை. கல்யாண ஊர்வலங்களுக்கு அதை வாடகைக்கு விட்டுத்தான் சாப்பாடு. யோசிக்கிற வேலையையும் பெரும்பாலும் குதிரையே பார்த்துக்கொண்டது.

ஒரு மழைக்காலத்தில் அதற்கு அரிப்பு வந்தது. பிடரி மயிர் பாதி போய்விட்டது. வால் பழைய விளக்குமாறு போல் ஆகிவிட்டது.

அரிசி மில்காரர் பொங்கியண்ணன் வந்து பார்த்தார். வெள்ளிக்கிழமை அவர் மகனுக்கு மாப்பிள்ளை அழைப்பு.

"ஊர்வலத்துல இது நின்னு சொறிஞ்சுதுன்னா பையனை எறக்கிக் கார்ல ஏத்திப்போடுவேன். அப்பறம் இந்தச் சுத்துப்பட்டுல ஒருத்தனும் உங்க குதிரையைக் கூப்பிட மாட்டான், பார்த்துக்குங்க."

உடனே மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனார்கள். அங்கே குதிரையைச் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் அதன் கழுத்தில் ஒரு மாட்டு மணியைக் கட்டினார்கள். டாக்டரம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஏமாந்துவிட்டார் என்று மூவருக்கும் சந்தோஷம்.

"பொடிக்கொசு கடிச்சு வர்ற அரிப்பு இது" என்றார் டாக்டரம்மா. "விடியக்காலையிலயும் பொழுது சாயறப்பவும் வெளிய கட்டாதீங்க. போர்வை போத்துங்க. இந்தக் களிம்பை அரிக்கிற இடத்துல தடவுங்க. கண்ணுல மட்டும் படக் கூடாது."

சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். பொழுது சாயும்போது குதிரையை வெளியே கட்டவில்லை, அவிழ்த்து விட்டார்கள். ஆளுக்கொரு போர்வை போர்த்திக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்தார்கள்.

குதிரை நேராகப் போய் வேப்பமரத்தில் தேய்த்துக்கொண்டது.

"வேப்பமரத்துலதான் அரிக்குதுங்கண்ணா" என்றான் கடைசித் தம்பி நாச்சான்.

"மரத்துக்கா அரிக்குது?" என்றான் குப்பணன்.

"மரத்துக்கு இல்லடா, மரத்துல" என்றான் மூத்தவன் சென்னியப்பன். "டாக்டரம்மா என்ன சொன்னாங்க? அரிக்கிற இடத்துல."

"கண்ணுல படக் கூடாதுன்னாங்களே, யார் கண்ணுல?" என்றான் குப்பணன்.

"பேர் சொல்லலை. அப்ப எல்லார் கண்ணுலயுந்தான்."

ஆகவே மூவரும் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு மரத்துக்குக் களிம்பு பூசினார்கள். பாதி நாச்சான் முதுகுக்குப் போனது. போர்வைக்குள் வந்திருந்த வேர்க்குரு அவனுக்கு மறுநாளே அடங்கிவிட்டது. நல்ல மருந்துதான் என்று தெரிந்துபோயிற்று.

களிம்பின் நாற்றம் பிடிக்காமல் குதிரை மின்கம்பத்துக்கு மாறியது. கம்பத்துக்குப் பூசினார்கள். பள்ளிக்கூடச் சுவருக்கு மாறியது. சுவருக்கும் பூசினார்கள்.

"நோய் பரவுதுடா" என்றான் சென்னியப்பன், கவலையோடு.

வெள்ளிக்கிழமை ஊர்வலம் கிளம்பியது. மூவரும் மேளத்துக்கும் முன்னால் களிம்பு டப்பாவோடு ஓடி, வழியிலிருந்த தூண், வாழைமரம், ரேடியோ செட்டுக்காரரின் பெட்டி எல்லாவற்றுக்கும் பூசிக்கொண்டே போனார்கள். குதிரை எதன் பக்கமும் ஒதுங்காமல் நடுத்தெருவில் நேராக நடந்தது. பொங்கியண்ணன் மீசையை முறுக்கிக்கொண்டார்.

பெண் வீட்டு வாசலில் குதிரை நின்றது. தேய்த்துக்கொள்ள ஊரில் வேறெதுவும் மிச்சமில்லை. கழுத்தைத் திருப்பி, மாப்பிள்ளையின் முழங்காலில் முகத்தை வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தது.

"குதிரை மாப்பிள்ளையைக் கொஞ்சுது பாருங்க!" என்று பெண் வீட்டார் கைதட்டினார்கள்.

சகோதரர்கள் ஏமாறவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பாய்ந்தார்கள்.

"ஐயோ, என்னங்கண்ணா பண்றீங்க? பட்டு வேட்டி!" என்று அலறினான் மாப்பிள்ளை.

"ஆடாம இருங்க மாப்பிள்ளை. இப்ப நீங்கதான் இடம்."

ஏதோ புது மாதிரி நலங்கு என்று நினைத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். அங்கேயே இன்னும் இரண்டு கல்யாணத்துக்குக் குதிரையைக் கேட்டார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் விடிகிற நேரம். பெண் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். பெண்ணின் அப்பா வந்து திறந்தார். வாசலில் மூன்று பேர், ஒரு குதிரை, ஒரு டப்பா.

"என்னப்பா இந்நேரத்துல?"

"குதிரைக்கு இன்னும் அரிக்குதுங்க. மாப்பிள்ளையைக் கொஞ்சம் வெளிய அனுப்புங்க" என்றான் சென்னியப்பன். "நீங்க சங்கடப்பட வேண்டாம், கண்ணை நாங்களே கட்டிக்கிறோம்."