கத்தாமல் நின்ற ஆள்காட்டி

மேலேரிக் கரையில் செம்மூக்கி என்ற ஆள்காட்டிப் பறவை காவல் இருந்தாள். கீழேரிக்கு மஞ்சள்மூக்கி காவல். யார் வந்தாலும் கத்தி ஊரைக் கூட்டுவது ஆள்காட்டியின் பிறவிக் குணம். பெயரே அதற்காக வைத்ததுதான்.

சென்ற கோடையில் யாரோ கீழேரி நாணலுக்குத் தீ வைத்தார்கள். உடனே இரண்டு ஏரித் தலைவர்களும் நடுத்தீவில் கூடினார்கள். "தீயோடு யார் வந்தாலும் ஒருவருக்கொருவர் குரல் கொடுப்போம்!" என்று தீர்மானம் போட்டார்கள். "ஓர் ஏரியின் உள்விவகாரத்தில் மற்ற ஏரி தலையிடாது" என்று அதன் கீழேயே இன்னொன்றும் போட்டார்கள். முதலாவது கால் நாழிகையில் முடிந்தது. இரண்டாவதைச் சொல் சொல்லாகத் திருத்த மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் தீவில் மீன் தீர்ந்துவிட்டது.

செம்மூக்கிக்கு ஒரே மகன், துடியன். குஞ்சாக இருந்தபோது கீரி கடித்ததில், பறக்கும்போது அவன் இடது கால் தொங்கும். இந்தக் கோடையில் அவன் ஒரு கரும்பருந்தின் பேச்சைக் கேட்கத் தொடங்கினான்.

"கீழேரிக்காரங்க நம்ம தண்ணியைக் குடிச்சுக் கொழுத்திருக்காங்கம்மா! அந்த நாணல் எரிஞ்சாத்தான் நமக்கு விடிவு!"

"யாருடா சொன்னது?"

"பருந்து ஐயா!"

"உங்க ஐயா என்னைக்காவது கொள்ளியைத் தொட்டிருக்காரா?"

துடியன் விருட்டென்று பறந்துவிட்டான். மறுநாள் அவனைக் காணோம்.

செம்மூக்கி பத்து நாள் தேடினாள். மேலேரியில் மட்டும் தேடினாள். கேட்டவர்களிடம், "மாமன் வீட்டுக்குப் போயிருக்கான்" என்றாள். கடைசியில் தலைவர் கூழைக்கடாவிடம் போய் நின்றாள்.

"ஐயா, கீழேரிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாமா? பையன் அந்தப் பக்கம் போயிருந்தா..."

"என்னம்மா பேசறே! நம்ம பையன் தீக்கூட்டத்துல சேர்ந்துட்டான்னு நாமளே தண்டோரா போடறதா? அடுத்த கூட்டத்துல நான் எப்படித் தலை காட்டுவேன்? இது உள்விவகாரம்!"

செம்மூக்கி திரும்பிவிட்டாள். தலைவருக்கு இருந்த வெட்கம் அவளுக்கும் இருந்தது.

மறுநாள் உச்சி வெயில். கரும்புத் தோகை எரிந்துகொண்டிருந்த வயலிலிருந்து நான்கு இளம் பறவைகள் கிளம்பின. ஒவ்வொன்றின் அலகிலும் எரியும் குச்சி. மேலேரியைத் தாண்டிக் கீழேரியை நோக்கிப் பறந்தன. கரும்பருந்து மட்டும் கொள்ளியில்லாமல் உயரத்தில் வட்டமிட்டான்.

மூன்றாவது பறவைக்கு இடது கால் தொங்கியது.

செம்மூக்கியின் தொண்டை வரை குரல் வந்தது. கத்தினால் கீழேரியே நிமிர்ந்து பார்க்கும். அவனையும் பார்க்கும். அலகைத் திறந்தபடி அவள் நின்றாள். நாலு மூச்சு விடும் நேரம்தான். பிறகு கத்தினாள். அதற்குள் நாணல் பற்றிக்கொண்டது.

சாம்பல் ஆறிய பிறகு அவள் கீழேரிக்குப் போனாள். காற்று திரும்பியதில் கொளுத்தியவர்களும் தப்பவில்லை. துடியன் கரையோரமாகவே கிடந்தான். குச்சி இன்னும் அலகில் இருந்தது.

சற்றுத் தள்ளி, கருகிய நான்கு முட்டைகளின் மேல் மஞ்சள்மூக்கி உட்கார்ந்திருந்தாள், இன்னும் அடைகாக்கிறவளைப் போல.

"என் மகன்தான்" என்றாள் செம்மூக்கி.

"தெரியும்க்கா. பத்து நாளா எங்க ஆலமரத்துல அந்தப் பருந்தோட உட்கார்ந்திருந்தான். ரெண்டாம் நாள் என்கிட்டயே கேட்டான், 'எங்கம்மா தேடுவாங்களா'ன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி! இறக்கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேனே!"

"அயலேரிப் பையன், அவங்க உள்விவகாரம்னு எங்க தலைவர் சொல்லிட்டாரு. அந்தப் பருந்து யாருன்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, எங்க மரத்துல உட்காரவே விட்டிருக்க மாட்டோமேக்கா!"

ஒருத்திக்குப் பருந்து யார் என்பது தெரியும். எங்கே என்பது தெரியாது. இன்னொருத்திக்கு எங்கே என்பது தெரியும். யார் என்பது தெரியாது. இரண்டு ஏரிக்கும் இடையே ஒரு குரல் தூரம்தான்.

தலைவர்கள் மறுபடி கூடினார்கள். இரங்கல் தீர்மானத்தின் வாசகத்தைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. கரும்பருந்து தெற்கே மூன்றாவது ஏரிக்குப் போய்விட்டான் என்று காக்கை வந்து சொன்னது. ஆள்காட்டிகள் இருவரும் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. சேர்ந்தே பறந்தார்கள்.

மூன்றாவது ஏரியில் முகம் தெரியாத பறவைகள் சூழ்ந்துகொண்டன. செம்மூக்கி எல்லோரும் கேட்கும்படி சொன்னாள்:

"என் மகன் பேரு துடியன். இவ ஏரிக்குத் தீ வச்சான். அதுலயே செத்தான். அவனை அனுப்பின பருந்து இப்போ உங்க ஊருல இருக்கான். உங்க பிள்ளைங்க எல்லாரும் வீட்டுல இருக்காங்களா?"

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற ஒரு தாய் நாரை தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்:

"எம்பையன்... மாமன் வீட்டுக்குப் போயிருக்கான்."

நம் வீட்டில் புகைவதை வெட்கப்பட்டு மறைத்தாலும், அடுத்த வீட்டில் புகைவதைக் கண்டும் காணாமல் இருந்தாலும், எரிவது இரண்டு வீடும்தான்.