எண்பது நார்

குருவியும் எறும்பும் ஒன்றையொன்று யோசனை கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவி மரத்தில் கூடு தொங்கவிட்டதே கிடையாது. தரையில், கோரைப்புல்லுக்கு நடுவே நாலு சருகைப் போட்டு, அதற்கு வீடு என்று பேர் வைத்து முட்டையிடும். மழை வந்தால் முட்டை மிதக்கும். மழை வராவிட்டால் பாம்பு வரும். இரண்டும் வராத வருஷம் என்று ஒன்று இருந்ததாக யாருக்கும் நினைவில்லை.

ஒரு கண்மாய்க் கரையில் ஏழு பனை நின்றன. அங்கே மஞ்சத்தலையன் என்று ஓர் ஆண் குருவி இருந்தான். அவன் பெண்சாதி தவிட்டி. தவிட்டு நிறம் என்பதால் அந்தப் பேர். அவர்கள் சேர்ந்த முதல் வருஷம் கண்மாய் நிறைந்து இரண்டு முட்டை போயின.

"அடுத்த வருஷம் பனையில வீடு கட்டி உன்னைத் தூக்கி வைக்கிறேன் புள்ள" என்றான் மஞ்சத்தலையன்.

சொன்னபடி அடுத்த வருஷம் ஆரம்பித்தான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே நாளில் இருநூறு நார் கிழித்துக்கொண்டு வந்து பனையோலையில் சுற்றினான். அலகு வீங்கி மூன்று நாள் படுத்துவிட்டான். நாலாம் நாள், "நாளைக்கு" என்றான். அந்த நாளைக்கு வரவேயில்லை. ஆரம்பசூரன் என்று மைனாக்கள் அவனுக்குப் பட்டம் கட்டின. சுற்றிய நார் காய்ந்து காற்றோடு போனது. தவிட்டி பழையபடி கோரைப்புல்லில் மூன்று முட்டையிட்டாள். ஒரு மத்தியானம் அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் சாரைப்பாம்பு வந்துவிட்டுப் போயிருந்தது.

அவள் திட்டியிருந்தால் தேவலை. திட்டு வாங்கினவன் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம். அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"மூணாவது தடவை என்னால முடியாதுங்க."

அந்தச் சொல் அவனுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. சோம்பேறி என்று உலகம் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். தன்னை நம்பித்தான் மூன்று முட்டை போயின என்று தனக்கே தெரிந்துவிட்டால் எங்கே போவது? மறு வருஷம் ஒரு நாள் பனை அடியில் உட்கார்ந்திருந்தபோது கட்டெறும்பு ஒருத்தி தானியம் சுமந்து போவதைப் பார்த்தான். கருப்பாயி என்று அவளுக்குப் பேர்.

"கருப்பாயி, இத்துனூண்டு உடம்பை வச்சுக்கிட்டு அம்மாம் பெரிய வளையை எப்படி நிரப்புறீங்க?" என்று கேட்டான்.

"வளையை யாருண்ணே பார்த்தா? நான் என் நடையைத்தான் பார்ப்பேன். காலையில நாப்பது நடை, சாயங்காலம் நாப்பது நடை. அம்புட்டுத்தான்."

"உடம்பு தெம்பா இருக்கிற அன்னைக்கு?"

"நாப்பதும் நாப்பதும்."

"முடியாத அன்னைக்கு?"

"அன்னைக்கும் அதேதான். ஒரு நாள் கூட்டிச் செய்யிறவன் மறுநாள் குறைச்சுச் செய்வான். போன வருஷம் உங்களைப் பார்த்தோமே" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். நின்று பேச அவளுக்கு ஏது நேரம்.

மஞ்சத்தலையன் அதைப் பிடித்துக்கொண்டான். ஆவணி கடைசியில் ஆரம்பித்தால் ஐப்பசி பிறக்க நாற்பது நாள் இருக்கிறது. நாளைக்கு எண்பது நார். முதலில் ஓலையில் கூட்டைத் தாங்கித் தொங்கவிடுகிற கழுத்து, பிறகு முட்டை வைக்கிற அறை, பிறகு பாம்பு நுழைய முடியாத நீண்ட வாசல். கடைசி ஐந்து நாள் எல்லாவற்றையும் இறுக்கிக் கட்ட. ஐப்பசி மழை வரும்போது வீடு தயாராக இருக்கும். தவிட்டியிடம் சொன்னான்.

முதல் வாரம் நரகம். ஐம்பது நாருக்கு மேல் கழுத்து வலிக்கும், கண் சொருகும். கோரையின் ஓரத்தைக் கடித்து, பறந்தபடியே நீளமாகக் கிழிக்க வேண்டும்; பாதியில் அறுந்தால் மறுபடி. சுற்றத் தெரியாமல் சுற்றினான், முடிச்சு நழுவியது, மறுபடி போட்டான். ஆனாலும் எண்பதை முடிக்காமல் உட்காரவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் ஓர் அதிசயம் நடந்தது. அவன் இன்னும் சரியாக விழிக்கக்கூட இல்லை, அலகு ஏற்கெனவே நாரைக் கிழித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவன் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. இனி நான் பழைய ஆள் இல்லை என்று நினைத்தான்.

பட்டம் கட்டிய மைனாக்களே வந்து அண்ணாந்து பார்த்தன. மற்ற ஆண் குருவிகள் பக்கத்து ஓலையில் வந்து உட்கார்ந்து, எப்படி அண்ணே என்று கேட்டன. அவனும் சொன்னான். கொஞ்சம் அதிகமாகவே சொன்னான். கூட்டைப் பற்றிக் கேட்டால்கூட எண்பதைப் பற்றித்தான் பேசினான். பக்கத்துக் கோரை தீர்ந்து, நீள நாருக்கு அக்கரை வரை போக வேண்டியிருந்தபோது, அருகிலேயே கிடைத்த குட்டை நாரைக் கிழித்து எண்ணிக்கையை நிரப்பினான். எண்பது எண்பதுதானே.

இருபத்தோராம் நாள் அறை முடிந்தது. தவிட்டி உள்ளே போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தான். தரையைத் தொடாத வீட்டில், காற்று இலேசாக ஆட்ட, அவள் அழுதுகொண்டிருந்தாள். அந்த வாரமே மூன்று முட்டையிட்டாள்.

நாள் போகப் போகக் கூட்டின் கனம் ஏறியது. ஆரம்பத்தில் பழக்கமில்லாமல் சுற்றிய கழுத்து மெல்ல நெகிழ ஆரம்பித்தது. உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியும்.

"கழுத்துல இன்னும் நாலு சுத்து சுத்துங்களேன்" என்றாள் முப்பதாம் நாள்.

"அதுக்கு நாள் ஒதுக்கியிருக்கேன் புள்ள. முப்பத்தாறாம் நாள் கழுத்துதான். இப்ப வாசல் நடக்குது."

"கழுத்து இருந்தாத்தானே வாசல்?"

"வரிசை மாறினா எல்லாம் மாறிடும்" என்றான். இத்தனை நாள் சொன்னதைச் செய்தவன், இதையும் செய்வான் என்று நம்பினாள். பாவி, அவளுக்கு நம்பிக்கை வந்ததும் அந்த முப்பது நாளில்தான்.

முப்பத்துநாலாம் நாள் வானம் வேறு மாதிரி இருந்தது. புரட்டாசி இன்னும் முடியவில்லை, ஆனால் தெற்கே மழைக் கருக்கல் திரண்டு நின்றது. சாயங்காலத்துக்கு முன்பே எண்பதாவது நாரைக் கோத்துவிட்டு மஞ்சத்தலையன் கீழே பார்த்தான். கட்டெறும்புகள் வாயில் முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. வரிசை கலைந்து, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஓடின. நடுவே கருப்பாயியும் ஓடினாள்.

"கருப்பாயி, இது எத்தனாவது நடை?" என்று மேலிருந்து கேட்டான்.

"இன்னைக்கு எண்ணலண்ணே" என்றாள். நிற்கவில்லை.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை என்று சிறு குஞ்சுக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு பெருமை வந்தது பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சொல்லிக்கொடுத்தவளே தவறிவிட்டாள், நான் தவறவில்லை என்று நினைத்தான்.

உள்ளேயிருந்து தவிட்டி கூப்பிட்டாள்.

"முட்டைக்குள்ள கொத்துதுங்க. ஒண்ணு கொத்துது, இன்னொண்ணு பதிலுக்குக் கொத்துது. விடிஞ்சா வெளிய வந்துடும்."

மஞ்சத்தலையன் ஓலையோடு ஒட்டிக்கொண்டு கேட்டான். அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டது.

"காத்து வருதுங்க. ஒரு இருபது நார். நீள நாரா, கழுத்துக்கு மட்டும். நானே போயிடுவேன், ஆனா முட்டையை விட்டு எறங்கினா சூடு போயிடும். இன்னைக்கு ஒரு நாள் எனக்காகச் செய்யுங்க."

அவன் போனான். போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அக்கரை வரை போய், நல்ல நீளமான நார் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தான். எண்பத்தொன்றாவது நார். அதை அலகில் வைத்துக்கொண்டு கூட்டின் கழுத்தில் உட்கார்ந்தபோது, போன வருஷத்து இருநூறு நார் ஞாபகத்துக்கு வந்தது. வீங்கிய அலகும், மூன்று நாள் தூக்கமும், வராமலே போன அந்த நாளைக்கும் ஞாபகத்துக்கு வந்தன. இன்றைக்குக் கூட்டினால் நாளைக்குக் குறையும். நாளைக்குக் குறைந்தால் நாளை மறுநாள் படுத்துவிடுவேன். படுத்துவிட்டால் நான் மறுபடி அவன்தான், மூன்று முட்டையைக் கொன்றவன். மஞ்சத்தலையன் அடுத்துச் செய்ததைச் சோம்பலில் செய்யவில்லை. பயத்தில் செய்தான். அலகைத் திறந்து நாரைக் கீழே விட்டான்.

"எண்பது ஆயிடுச்சு புள்ள" என்றான். "விடிஞ்சதும் முதல் வேலை கழுத்துதான். சத்தியம்."

தவிட்டி முட்டைகளை வயிற்றுக்கடியில் இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் காற்று வந்தது. ஏழு பனையும் ஒரே பக்கம் வளைந்தன. முதல் உலுக்கலில் கூடு தாங்கியது. இரண்டாவதிலும் தாங்கியது. மஞ்சத்தலையன் பறந்து வந்து கழுத்தைக் காலால் கட்டிப் பிடித்தான்; ஒரு குருவியின் கால் எவ்வளவு பிடிக்கும். நெகிழ்ந்த சுற்றுகள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்தன. அவன் கண் முன்னால், அவன் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, கூடு ஓலையை விட்டுக் கண்மாய்த் தண்ணீரில் விழுந்தது. நீண்ட வாசல் வழியாகத் தவிட்டி எப்படியோ வெளியே வந்துவிட்டாள். முட்டைக்கு இறக்கை இல்லை.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கூடு கோரைக்கு நடுவே தலைகீழாக மிதந்தது. தவிட்டி கரையில் நனைந்தபடி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சத்தலையன் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என்னென்னவோ சொல்ல நினைத்தான். அதற்குள் அலகு ஒரு கோரையைக் கடித்துவிட்டது. கிழித்தது. இறக்கை கிளம்பிவிட்டது. வெறும் ஓலையில் அந்த நாரைச் சுற்றினான். திரும்ப வந்தான். இன்னொன்று கிழித்தான். அப்படியே போய்ப் போய் வந்தான்.

அவள் தலையைத் திருப்பினாள்.

"எத்தனை?" என்று கேட்டாள்.

"பன்னெண்டு" என்றான். வாயில் வந்துவிட்டது.

"எண்ணிக்கிட்டே இரு."

அவ்வளவுதான். ஒரு நாளும் அவனை மரியாதையில்லாமல் பேசியவள் இல்லை. எழுந்து பறந்து போய்விட்டாள்.

அன்றைக்கு அவன் எண்பது நார் சுற்றினான். மறுநாளும் எண்பது. யாருக்காக என்று கேட்க ஆள் இல்லை. நிறுத்திப் பார்த்தான், நிறுத்தினால் அந்தக் கொத்தும் சத்தம் காதில் கேட்டது. பழக்கத்தை எப்படித் தொடங்குவது என்று எறும்பு சொல்லிக்கொடுத்திருந்தாள். அதை எப்படி விடுவது என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

இந்தத் தடவை கழுத்தை மட்டும் நூறு சுற்றுச் சுற்றினான். கூடு பாதி வந்தபோது தவிட்டி ஒரு நாள் வந்தாள். அவன் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு கத்தினான். "வந்து பாரு புள்ள, அசையாது, நீயே பாரு."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொற்றிக்கொண்டு நாரை அலகால் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள். அப்போதும் அசையவில்லை. அப்படி ஒரு கழுத்தை எந்தக் குருவியும் அதற்கு முன் சுற்றியதில்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று கேட்க வந்தாள். கேட்டு என்ன ஆகப் போகிறது என்று வாயை மூடிக்கொண்டாள். நல்ல கூடுதான். ஆனால் அதற்குள் போய் உட்கார அவளால் முடியவில்லை. பறந்துவிட்டாள். திரும்பி வரவேயில்லை. போகிற வழியில் கோரைக்குள் இருந்த பெண் குருவிகளிடம், "பாதி கட்டும்போதே போய் இழுத்துப் பாருங்கடி, வாயை நம்பாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மஞ்சத்தலையன் அந்தக் கூட்டுக்கு வாசல் வைக்கவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, அடுத்த ஓலையில் முதல் நாரைச் சுற்ற ஆரம்பித்தான்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதியில் நிறுத்தி, இறக்கையை அடித்துக்கொண்டு கூப்பிடுகிறது. பெண் குருவி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் இழுத்துப் பார்க்கிறது. அதற்கு மனம் ஒப்பாவிட்டால் போய்விடுகிறது. ஆண் அடுத்த ஓலைக்கு மாறுகிறது. யாரும் பிறக்காத அந்தப் பாதிக் கூடுகள் பனையில் தொங்கிக்கொண்டே இருக்கின்றன.